ஊசிக்குப் பயந்த ஸ்டெல்லா

காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் அழைத்தார். "ஸ்டெல்லா போயிட்டா" என்றார். முந்தின நாள் மாலைதான் சிரம்பான் ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்திருந்த அவளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். எதற்குச் சண்டை? ஊசிக்குத்தான். சொல்கிறேன்.

ரப்பர் தோட்டத்து வீடுகளுக்குப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துவரும் எங்கள் சின்னக் குழுவில் நானும் அவளும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அம்பாங்கானிலிருந்து கோலா கிளாவாங் வரை மலைச்சாலை முழுக்கப் பாடிக்கொண்டே கார் ஓட்டுவாள். குரல் சகிக்காது, அவள் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் தெரியும்.

நாங்களெல்லாம் கை நிறைய அரிசியும் பிஸ்கட்டும் கொண்டுபோவோம். இவள் வெறுங்கையோடு வாசலில் நின்று, "அக்கா, கொஞ்சம் கோப்பி கெடைக்குமா? தலை வலிக்குதுலா" என்பாள். எனக்கு மானமே போகும். "இல்லாதவங்க வீட்டுல போய்க் கேக்குறியேடி!" என்று திட்டினால், "குடுக்க மட்டும் தெரிஞ்சா பத்தாதுலா, கேக்கவும் தெரியணும்" என்பாள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் பொறுமை, கனிவு, காது கொடுத்துக் கேட்பது என்று எத்தனையோ சொன்னார்கள். எல்லாம் சரிதான். கேட்டு வாங்குவதைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

கோவிந்தன் மாமாவைச் சிலருக்கு நினைவிருக்கும். பால் மரம் வெட்டி ஓய்ந்தவர், தனியாள். இனிப்பு நீர் வியாதியில் காலில் புண். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக் தாதி எச்சரித்துவிட்டார். மாமா அசையவில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன். "என்னைத் தூக்கிட்டுப் போய் வேடிக்கை காட்டப் போறீங்களா? போம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டெல்லா புண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. கோப்பியைக் குடித்து முடித்தாள். "மாமா, நாளைக்கு எனக்கு ரத்தம் எடுக்கணும். ஊசின்னா எனக்கு உயிரே போயிரும். போன தடவை பாதியிலயே ஓடி வந்துட்டேன். கூட வர்றீங்களா?" என்றாள். அடேயப்பா, என்ன தந்திரம் என்று நினைத்தேன். மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

தந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை! ஊசியைக் கண்டு அவள் போட்ட அலறலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்தவர் புண்ணை முகம் சுளிக்காமல் கழுவுகிறவள், மாமாவின் கையை இறுக்கிக்கொண்டு, "ஐயோ மாமா, விட்ராதீங்க" என்று கத்தினாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தாதியிடம் தாமாகவே, "இந்தப் பிள்ளை ரொம்பப் பயந்துருச்சு. நான் பயப்பட மாட்டேன். என் காலையும் பாருங்க" என்றார். கால் பிழைத்தது.

அவளுடைய கடைசி மாலையிலும் அதே கூத்துதான். "நாளைக்குப் போட்டுக்கலாம்லா" என்று அவள் அடம்பிடிக்க, "இன்னிக்கே போட்டாகணும்" என்று நான். கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அடக்கத்தன்று அவள் வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். "கடைசியா ஊசி போடும்போது அவ யாரு கையம்மா புடிச்சுக்கிட்டா?" என்று கேட்டார். மணிக்கட்டைக் காட்டினேன். நகம் பதிந்த தடம் அப்படியே இருந்தது. "எனக்கும் இப்படித்தான் கீறி வெச்சா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

அந்தத் தடம் இப்போது மறைந்துவிட்டது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான், அன்று கேட்டேன்: "மாமா, உள்ள தனியாப் போயி அவ முகத்தப் பாக்க முடியல. கூட வர்றீங்களா?"

"வாம்மா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களாலும் எனக்கு முன்னால் படியேறினார்.