மேலதிகமாக வைத்த ஒரு தாள்

இருபத்திரண்டு வருடமாக ஒரு கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியைப் பழக்கி வருகிறேன். நான் ஆசிரியர் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். பிள்ளைகள் 'சேர்' என்று கூப்பிடும்போது இன்னமும் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்க்க வரும்.

ஓலைத்தொடுவாயில் கடலுக்குப் போய்க்கொண்டு, பின்னேரங்களில் ஊர்க் கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் அப்போதைய கல்லூரி அதிபர் ஆள் அனுப்பினார். விளையாட்டு ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டாராம், புது ஆள் வரும்வரை இரண்டு கிழமைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு மூன்று ஆசிரியைகள் வந்து போய்விட்டார்கள். என்னைப் போகச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை. இந்த முறை சொல்லிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டேதான் ஒவ்வொரு ஜனவரியும் மைதானத்துக்குப் போவேன்.

எங்கள் மைதானத்தில் முதல் வேலை கழுதைகளைத் துரத்துவது. அடுத்தது காற்றைப் பார்ப்பது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் நேராக அடித்த பந்து நேராகப் போகாது. ஆகவே எங்கள் பிள்ளைகள் கோலுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் குறிவைப்பார்கள். காற்றில்லாத வெளியூர் மைதானங்களில் முதல் பத்து நிமிடமும் எல்லாப் பந்தும் வெளியே போகும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு கால் பழகிவிடும்.

பந்தைவிட எனக்குப் பயம் தாள்களில்தான். யுத்த இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் சேரப் போனேன். பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் இல்லை, கொண்டு வா என்றார்கள். அந்தப் பள்ளிக்கூடமே அப்போது இல்லை. நான் பிறகு போகவில்லை. அன்றிலிருந்து எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் கேட்டதற்கு மேலே இரண்டு தாள் கூடக் கொண்டுபோவேன். அணியின் தாள்களுக்கென்று சிப் வைத்த ஒரு நீலப் பை வைத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்பத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி, அதிபர் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு. பிள்ளைகள் அதைப் 'பெட்டகம்' என்பார்கள்.

"சேர், பெட்டகத்துக்குள்ள என்ர பல்லு விழுந்த நாளும் இருக்கோ?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் அரிப்பு என்ற ஊரிலிருந்து வருகிறவள், எங்கள் இடதுபக்கப் பின்வரிசை ஆட்டக்காரி. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவள் பக்கத்தால் ஒருவரும் பந்தைக் கொண்டுபோனதில்லை. அவளுக்கு அது கடைசி வருடம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிரிவுக்கு மேலே எங்கள் கல்லூரியில் பெண்கள் அணி கிடையாது. உயர்தரச் சோதனை நெருங்கியதும் வீட்டில் மறித்துவிடுவார்கள். அவளுடைய தாயும் அப்படித்தான் சொல்லியிருந்தார்: "மாகாணப் போட்டியோட சரி. பிறகு படிப்புத்தான்." ஆகவே அந்த மாகாணப் போட்டியில் விளையாடுவது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பயந்தேன்.

அவளுடைய பிறப்பத்தாட்சியில் ஜனவரி ஒன்பது என்று இருந்தது. வயதெல்லை ஜனவரி ஒன்று, அதற்கு முதல் பிறந்தவர்கள் விளையாட முடியாது. எட்டு நாள்தான் இடைவெளி. யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் காட்ட இன்னொரு தாள் இருந்தால் நல்லது என்று யோசித்தேன். கோயில் அலுவலகத்துக்குப் போய் அவளுடைய ஞானஸ்நானப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஒட்டிய உறையில் தந்தார்கள். முத்திரை குத்திய உறை, பிரித்தால் பெறுமதி குறைந்துவிடும் என்று நினைத்து, பிரிக்காமலே பைக்குள் வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் படித்துப் பார்க்காமல் வைத்த ஒரே தாள் அது.

போட்டிக்குப் போகும் வழியில் மடுச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் இறங்கி மாதாவை வேண்டிக்கொண்டோம். அரிப்புக்காரி கடைசியாக ஏறினாள். "சேர், நான் ஒண்டுதான் கேட்டனான். நீங்கள் எத்தினை கேட்டனீங்கள்?" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

மைதானத்து வாசலில் கூடாரம் போட்டு, மேசை வைத்துத் தாள் பார்த்தார்கள். ஒரு அம்மணி, மூக்குக்கண்ணாடி போட்டவர், ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து வந்தார். உறையைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"இது என்ன சேர்?"

"ஞானஸ்நானப் பத்திரம். மேலதிகமா வைச்சனான்."

"நாங்கள் இதைக் கேக்கேல்லையே."

"இருக்கட்டும் எண்டுதான் மிஸ்."

அவர் பிரித்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோயில் பத்திரத்தில் பிறந்த திகதி டிசம்பர் இருபத்துநான்கு. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். அந்த மூடியில் பல் அடையாளம் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கள் தராமல் விட்டிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டன் சேர்," என்றார் மெதுவாக. "இப்ப கண்டுபோட்டன். கண்டதைக் காணேல்லை எண்டு என்னெண்டு எழுதிறது?"

மற்றவர்கள் விளையாடலாம், அவளை மட்டும் சேர்க்க முடியாது என்று முடிவு. பெயருக்கு மேலே அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினார். கோடு நேராக இருந்தது.

நான் போய் அவளிடம் சொன்னேன். அவள் சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்திருந்தாள். அழவில்லை. நாடாவை அவிழ்க்கவுமில்லை. சப்பாத்தோடேயே வெளியே இருந்து தண்ணீர்ப் போத்தல்களுக்கு மூடி திறந்து கொடுத்தாள். அன்று காற்றே இல்லை. முதல் பத்து நிமிடம் வழமைபோல எல்லாப் பந்தும் வெளியே போயின. பிறகு கால் பழகியது. இரண்டாம் பாதியில் எங்கள் இடதுபக்கத்தால் எதிரணிக்காரி ஒருத்தி பந்தைக் கொண்டுவந்து அடித்தாள். ஒன்றுக்குப் பூச்சியம். அவ்வளவுதான்.

எனக்குத் துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விறைத்த கால்போல இருந்தது. கிள்ளினால் கிள்ளுகிறது தெரிகிறது, நோகவில்லை. அதிபர், "அடுத்த வருஷம் பாப்பம் கோச்" என்றார். ஆசிரியைகள் என்னைக் கண்டால் வேறு கதை கதைத்தார்கள். யாராவது ஒருவர் ஏசியிருக்கலாம். அடுத்த இரண்டு கிழமையும் மைதானத்துக்குப் போனேன், விசில் ஊதினேன், கூம்புகளை அடுக்கினேன். என்ன பழக்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இனி வரமுடியாது என்று அதிபருக்கு ஒரு கடிதம் எழுதிப் பைக்குள் வைத்தேன். அதிலும் இரண்டு பிரதி.

ஞானஸ்நானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு சனிக்கிழமை சிலாவத்துறை பஸ்ஸில் அரிப்புக்குப் போனேன். தாய் முற்றத்தில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ சேர், இருங்கோ," என்று கதிரையைக் காட்டினார். நான் தாளை நீட்டினேன். அவர் கையைச் சீலையில் துடைத்தார், ஆனால் தாளை வாங்கவில்லை.

"கோயில் புத்தகம் சரி சேர். இவள் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள்தான் பிறந்தவள். அப்ப நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். பதியப் போக றோட்டு விடேல்லை. இவளின்ர அப்பா பிந்திப் போனவர். ஏன் பிந்தினது எண்டு கந்தோரில ஏசுவினம் எண்ட பயத்தில ஜனவரி எண்டு சொல்லிப்போட்டார். பயந்த மனுசன்." திரும்ப ஒரு இறாலைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்னட்ட ஒருக்கா கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே சேர். கோயிலுக்கேன் போனனீங்கள்?" என்றார்.

கோயிலில் கேட்டேன். கல்வி வலயக் கந்தோரில் வயதெல்லையை மூன்றுதரம் கேட்டேன். தாயிடம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? உண்மை தெரிந்த பிறகு ஜனவரித் தாளை நீட்ட என் கை போயிருக்குமோ தெரியாது.

மகள் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"சேர், உறையைக் குடுக்காமல் விட்டிருந்தால் நான் விளையாடியிருப்பன் என்ன?"

"ஓம்."

"அந்தக் கோல் விழுந்திருக்காது."

"ஓம்."

"சும்மா ஓம் ஓம் எண்டாதேங்கோ சேர். ஒருக்காவாவது சண்டை பிடியுங்கோ."

"விழுந்திருக்காது. உன்ர பக்கத்தால விழுந்திருக்காது," என்றேன். "பிழை என்னில."

அவள் இறால் சட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். தாய் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இறாலைப் பார்த்தார். நான் எழும்பினேன்.

பஸ் பாதி வழி வந்தபோது மடியைத் தடவினேன். நீலப் பை இல்லை. கதிரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி, என் கடிதம், எல்லாம் அதற்குள். முந்தியென்றால் ஓடுகிற பஸ்ஸில் இருந்து குதித்திருப்பேன். அன்று யன்னலால் உப்புத் தரவை வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது.

"சேர், பெட்டகத்தை விட்டுட்டுப் போட்டியள்."

"இருக்கட்டும்."

"உள்ளுக்க ஒரு கடிதம் கிடந்தது. வாசிச்சுப்போட்டன்."

கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"திங்கள் கொண்டு வாறன். நாலு மணிக்குத்தானே? அம்மா, அண்டண்டைப் படிப்பை முடிச்சிட்டு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து அடிச்சுக் குடுக்கலாம் எண்டிட்டா." பின்னால் தாய் ஏதோ சத்தம் போட்டார். "ஒரு மணித்தியாலம்தானாம்."

"விளையாட ஏலாது," என்றேன். "பேர் இல்லை."

"தெரியும் சேர். சப்பாத்து போடட்டோ வேண்டாமோ, அதைச் சொல்லுங்கோ."

"போடு," என்றேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு முந்தியே போய்க் கழுதைகளைத் துரத்தினேன். அவள் வந்து பையைத் தந்தாள். சிப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எல்லாத் தாளும் இருந்தன. என் கடிதத்தின் இரண்டு பிரதிகளும் மட்டும் இல்லை. நான் கேட்கவில்லை.