பனிமலைக் கோட்டு வாங்க மைசூர் போனேன்

மார்கழிக் குளிரில் சோளக்காட்டுப் பரண்மேல் காட்டுப்பன்றிக் காவலுக்கு உட்கார்ந்தால், என் பல் அடிக்கிற சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும் என்று வீட்டுக்காரி கேலி செய்தாள். அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பரில் பட்டாளத்துப் பழைய கோட்டு வாங்க மைசூர் போனேன். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டுங்கள்.

ராமாபுரத்தில் காலை ஆறு மணி பஸ். கொள்ளேகாலில் இட்லி தின்றுவிட்டு அடுத்த பஸ். அங்கிருந்து மைசூர் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

"ஏனுங்க டிரைவர், மாடு பூட்டியிருக்கீங்களா?" என்று பாதி வழியில் கேட்டேன்.

"இறங்கித் தள்ளுங்க, வேகமாப் போலாம்."

பத்தரைக்கு தேவராஜ மொஹல்லா போய்ச் சேர்ந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் பட்டாளத்து ஏலச் சரக்கு விற்கும் கடை. மெத்தை மாதிரி கனத்த கோட்டுகள், உறைகூடப் பிரிக்காமல் குவிந்து கிடந்தன.

"பழசுதானே கேட்டேன்?"

"எல்லாம் ஹொஸது, புத்தம் புதுசு, யஜமானரே! மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலேன்னா சர்க்கார் பணம் திரும்பிப் போயிடும்னு பட்டாளத்துல ஜாஸ்தியா வாங்கிடறாங்க. வைக்க இடமில்லேன்னா ஏலம். நூத்தம்பது குடுங்க."

"மைசூர்ல பனி கொட்டப்போகுதுன்னு டில்லியில எவனோ ஜோசியம் பாத்திருக்கான்!"

கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் ஒரு கோட்டை விரித்துத் தோள் அளவு பார்த்துக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை. கையெல்லாம் சிமெண்டு, சேலத்துக் கொத்தனாராம். விடுவேனா?

"உங்களுக்கு எதுக்குங்க? சாரத்துமேல அவ்வளவு குளிருதா?"

"எனக்கில்லீங்கண்ணா. பையன் பட்டாளத்துல இருக்கான், பனிமலையில. பழைய கோட்டு கிழிஞ்சுபோச்சாம். புதுசு கேட்டா, இன்னும் வரலைங்கறாங்களாம்."

பையன் பேரைச் சொல்லி ஊர்ப்பணத்தில் வாங்கிய கோட்டை, அப்பன் கூலிக்காசில் மறுபடி வாங்குகிறார். நான் அதைப் பன்றிக் காவலுக்கு வாங்க வந்திருக்கிறேன். ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, அவரோடு தபாலாபீசுக்கு நடந்தேன்.

அங்கே பார்சல் வாங்குகிற குமாஸ்தா கோட்டின் காலரைப் புரட்டினார். உள்ளே அம்புக்குறி போட்ட பட்டாளத்துத் துணிப்பட்டை.

"இதோட போனா, சர்க்கார் சாமானைத் திருடினியான்னு உங்க பையனைத்தான் கேப்பாங்க. பிரிச்சுட்டு வாங்க."

வாசல்படியில் உட்கார்ந்தோம். அவர் காலரை இழுத்துப் பிடிக்க, என் பாக்குக் கத்தியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தேன். பட்டப்பகலில் திருடுகிற மாதிரி இருந்தது. போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாத்துங்கண்ணா, துணி கிழிஞ்சிரப்போகுது. அங்க காத்து உள்ள போயிரும்."

பார்சல் போய்விட்டது. பட்டையைத் தெருவில் போட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. என் பையில் போட்டுக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: கடை பத்து மணிக்குமேல்தான் திறக்கும். சொன்ன விலையில் இருபது குறைப்பார்கள். பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் கையோடு ஒரு பிளேடு கொண்டுபோங்கள். என் கோட்டில் பட்டை அப்படியேதான் இருக்கிறது. பன்றிக் காவலுக்குப் போட்டுக்கொண்டால் யாரும் கேட்பதில்லை.