எரிந்த கடைகளை இடித்த மாதம்

மாத்தளையில் பழைய கட்டடங்களை இடித்துத் தரும் ஒரு கம்பனியில் கிளார்க்காக இருந்தேன். கம்பனி என்பது பெயர்ப்பலகையில்தான். ஒரு லொறி, பதினாறு ஆட்கள், முதலாளி, நான், அவ்வளவே. முதலாளி நகரத்து முஸ்லிம். ஆட்களில் பாதிப்பேர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், மற்றவர்கள், சிங்களவர்கள், நாவுலையிலிருந்தும் பஸ்ஸில் வருவார்கள்.

சனிக்கிழமைதோறும் ஒரு தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கந்தோர்க் கதவில், ஆபீஸுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி, ஒட்டுவது என் வேலை. மேலே வேலைச் செய்தி: எந்தக் கட்டடம் முடிந்தது, அடுத்தது எது. கீழே ஆட்களின் சுகம்: யாருக்குக் காலில் ஆணி ஏறியது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது. முதலாளியின் தம்பி சுவரில் அகப்பட்டுச் செத்த பிறகு தொடங்கிய வழக்கமாம்.

கலவரத்தில் தமிழர்களின் கடைத்தெரு எரிந்து சில மாதங்கள் கழித்துத்தான் நான் அங்கே சேர்ந்தேன். இரத்தோட்டைத் தோட்டத்துப் பெண், அம்மா அங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் நான்கு வருஷமாக நகரத்தில், அண்ணனின் ரேடியோ திருத்தும் கடைக்கு மேல்மாடியில், அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தேன். தீ வைத்த அன்று பின்பக்கத்தால் இறங்கி, கோவில் மண்டபத்தில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தங்கினோம். பிறகு அவர்கள் இருவரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அந்த நாட்களில் யார் பேசினாலும் அடுத்த அறையில் பேசுவதுபோலத்தான் கேட்டது.

எரிந்த சுவர்களை இடிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. வரிசையில் ஏழாவது, அண்ணனின் கடை. "ஏழாவது கடை, இரண்டு மாடி, செவ்வாய்க்கிழமை ஆரம்பம்" என்று தாளில் எழுதினேன். அதையே சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆட்களின் சுகம் விசாரிக்கப் போனேன். முன்சுவரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மேல் அறை தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. என் கட்டில் இருந்த மூலையில் மட்டும் நீலச் சாயம் கருகாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கச் சுவரில் கயிறு கட்டி இழுத்தார்கள். "தள்ளிப் போ!" என்று சத்தம் வந்தது. எனக்குத்தான் சொல்கிறார்கள் என்பதும் விளங்கியது. கால் நகரவில்லை. வேலையை நடத்தும் மேசன், நாவுலைக்காரர், ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் வடிகானோரம் விழுந்தோம். நான் நின்ற இடத்தில் சுவர் விழுந்தது.

"நங்கி, காது கேக்கலையா?" தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார். அவர் முழங்கையில் இரத்தம்.

"கேட்டிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே அந்த அறையைப் பார்த்தார்.

"உங்க வீடா?"

"ஆமா."

ஆட்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார்: "அன்னைக்கு நான் டவுன்ல இல்ல நங்கி. வயல்ல இருந்தேன்." உண்மையோ என்னவோ. எதுவானாலும் எனக்கு ஒன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை, "மேசனுக்கு முழங்கையில் காயம். மற்ற எல்லாரும் சுகம்" என்று எழுதி ஒட்டினேன். அவர் சிங்களப் பகுதியை நின்று வாசித்தார்.

"இது பொய்," என்றார். "இன்னொராளுக்கும் சொகமில்ல. அதையும் எழுது."

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். மேசன் நடந்ததைச் சொன்னார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஏன் மகள், எங்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா வேல தரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"அந்தத் தெரு முடியிற வரைக்கும் நீங்க வர வேணாம். போய் அம்மாவோட இருங்க. வேல எங்கயும் போகாது."

பேனாவை எடுத்து, "கிளார்க்குக்குச் சுகமில்லை, இரண்டு கிழமை லீவு" என்று என் கையாலேயே சேர்த்தேன்.

தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், அம்மா என்னைப் பார்த்ததும், "நிப்பாட்டிட்டாங்களா?" என்றாள். லீவு என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தாள். பகலெல்லாம் தூங்கினேன். ஒருநாள் அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு, அந்த நீலச் சாயத்தை அண்ணனும் நானும் பூசிய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

லீவு முடிந்து போனபோது தெருவில் அந்த வரிசை முழுவதும் வெறும் நிலமாகியிருந்தது. சுவர் இன்னும் நிற்கிறதா என்று அண்ணன் கடிதத்தில் கேட்டிருந்தார். இடித்துவிட்டார்கள் என்று எழுதினேன். இடித்தது எங்கள் கம்பனி என்று எழுதவில்லை.

அடுத்த வேலை ரிவர்ஸ்டன் போகும் வழியில், மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபெக்டரி. முதல் நாளே மழை. எல்லாரும் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். மேசன் பிஸ்கட் பக்கட்டை நீட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டு, யாருக்கெல்லாம் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது என்று கேட்டுச் சனிக்கிழமைத் தாளுக்கு எழுதத் தொடங்கினேன்.