தட்டாதீங்க, தூங்குறேன்

வல்லக்கோட்டையில், கம்பெனி வேலைக்குப் போகும் ஓர் அக்காவின் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: 'நைட் ஷிப்ட். தூங்குறேன். தட்டாதீங்க.' போன கோடையில் அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் தட்டினேன். எழுதியிருப்பதெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைப்பது படித்தவர்களின் பழக்கம்.

சிமெண்ட் ஷீட் போட்ட சொந்த வீட்டில் வசிக்கும் ஏழைகளுக்கு, கூரையில் வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மின்விசிறியும் இலவசம். ஒரு தொண்டு அமைப்புக்காக நான் வீடு வீடாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். 'இரவில் மின்விசிறி எத்தனை மணி நேரம் ஓடும்?' என்பது முக்கியமான கேள்வி. தூக்கம் கலைந்த கண்ணோடு அக்கா சொன்னார்: "நைட்ல எங்க சார் ஓடுது? நான் ஒண்டிக்கட்ட, கம்பெனில இருப்பேன்." அழகான கையெழுத்தில் பூஜ்யம் போட்டேன். உதவி தேவைப்படாதவர்கள் பட்டியலில் அவர் சேர்ந்தார்.

மறுவாரம் விஷயம் தெரிந்து, ஷிப்ட் முடிந்ததும் சீருடை கூட மாற்றாமல், நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "இன்னா சார், எனக்கு வேர்க்காதுன்னு எழுதிக்கினியா? பகல்ல தூக்கமே இல்ல. கம்பெனி லைன்ல மிஷின் முன்னாடி ரெண்டு வாட்டி கண்ணு சொருகிடுச்சு. இன்னொரு வாட்டின்னா வேலைக்கே வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

படிவத்தில் பகலுக்குக் கட்டம் இல்லை என்றேன்.

"கட்டத்த அப்புறம் தேடு. மொதல்ல மத்தியானம் வந்து என் பாய்ல படு."

படுத்தேன். அக்கா வாசலில் காவல் உட்கார்ந்தார். மின்விசிறி, கூரையின் சூட்டை வாரி என் மேல் ஊற்றியது. வெயிலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எல்லாம் நிழலில் உட்கார்ந்து. பத்து நிமிடத்தில் எழுந்தபோது பாயும் கூடவே எழுந்தது.

"அதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிதா சார்?"

அங்கேயே பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, 'பகலில் தூங்குபவர்' என்று எழுதினேன். படிவத்தைத் திருத்தக் கூடாது என்றார் எங்கள் மேலாளர். "அப்ப அவரும் வந்து படுக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார் அக்கா. மேலாளர் வரவில்லை, திருத்தத்துக்குக் கீழே அவர் கையெழுத்து வந்தது.

இந்தக் கோடையில், 'பயனாளி திருப்தி அடைந்தாரா?' என்று கேட்கும் படிவத்தோடு போனேன். உச்சி வெயில். வெள்ளைக் கூரை கண்ணைக் கூச வைத்தது. கதவில் அதே அட்டை, மூலை மட்டும் மடங்கியிருந்தது. உள்ளேயிருந்து குறட்டை, மின்விசிறிச் சத்தத்தையும் மீறி. தட்டப் போன கையை இறக்கி, 'ஆம்' என்று எழுதினேன். சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். மண் நன்றாகவே சுட்டது.