வேலைக்குப் போகும் வழி

காலையில் ராட்டர்டாமில் ட்ராமுக்காக நிற்கும்போது என் கைபேசி தினமும் ஒரே பல்லவியைப் பாடுகிறது: "பணியிடத்துக்கு வழி கண்டுபிடிக்க முடியவில்லை." அலுவலகமோ நாலு நிறுத்தம்தான். ஒருநாள் உடன் வேலை பார்க்கும் மார்ட்டின் எட்டிப் பார்த்துவிட்டான். திரையில் வரைபடம், அதில் மன்னார் வளைகுடாவை ஒட்டி ஒரு புள்ளி. "உங்கள் ஊரில் நம் கம்பெனிக்குக் கிளை இருக்கிறதா?" என்றான். "இருக்கிறது" என்று சொல்லிவைத்தேன். ட்ராம் வருவதற்குள் ஒரு டச்சுக்காரனுக்குக் காயல்பட்டினத்தைப் புரியவைக்க என்னால் ஆகாது.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் பிறந்த வீடு இப்போது லாத்தாவுடையது. என் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைப் பெற்ற உம்மா அவளோடு இருக்கிறாள். என் மனைவி வீடு அடுத்த தெருதான், ஆனாலும் இரவில் அங்கேதான் தூங்க வேண்டும். ஒரு ராத்திரி உம்மா வீட்டில் தங்கினால் போதும், "என்ன, மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் சண்டையா?" என்று தெருவே விசாரிக்கும். ஆக, விமானம் ஏறுவதற்கு முன்பே நான் புலம்பெயர்ந்தவன். ஒரு தெரு தாண்டியபோதே அது ஆகிவிட்டது.

ராட்டர்டாமில் இருப்பதும் வாடகை வீடு. என் பேரில் எனக்கு இருக்கிற ஒரே முகவரி, யார் தயவும் இல்லாமல் நானே நிரல் எழுதி நடத்துகிற வலைப்பூ. நான் எடுத்த படங்களை அதில் போடுவேன்: இங்குள்ள துறைமுகத்துக் கிரேன்கள், சாகுபுரத்துப் பக்கம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பளம், ஆத்தூர் வெற்றிலையை மடிக்கும் உம்மாவின் விரல்கள். முகத்தை மட்டும் எடுக்க விடமாட்டாள். "எனக்குன்னு ஒரு வீடு இருக்கு உம்மா" என்று ஒருமுறை அதைப் பெருமையாகக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "படுக்க எடம் இருக்காலே அதுல?" என்றாள்.

போன விடுமுறையில் தினமும் காலையில் உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். இஞ்சிச் சாயா, பகல் சோறு, மடிக்கணினியில் கொஞ்சம் வேலை, லாத்தாவோடு கொஞ்சம் வாய்ச்சண்டை. பொழுது சாய்ந்ததும் எழுந்துகொள்வேன். ராட்டர்டாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்தால், மனைவி வீட்டில் 'வீடு' என்றும் உம்மா வீட்டில் 'பணியிடம்' என்றும் அதுவாகவே குறி போட்டிருந்தது. இரவில் தூங்கும் இடம் வீடு, பகலில் போய்வரும் இடம் வேலை. இந்த மாதிரிக் கணக்கை நானே நிரலாக எழுதியிருக்கிறேன், அதனால் கோபிக்கவும் முடியவில்லை. சிரித்துக்கொண்டே உம்மாவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"சரியாத்தானலே சொல்லுது. மணியடிச்சதும் வேலைக்காரன் மாதிரிதான ஓடுத?"

பிறகு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஒரு ராத்திரி இங்கன படுத்தா மாறிருமாலே?"

"ஒரு ராத்திரி பத்தாது உம்மா. நெறைய நாள் படுக்கணும்."

தொழில்நுட்பப்படி அது சரியான பதில். என் படிப்பில் தீயை வைக்க! அன்று மாமியார் வீட்டில் எனக்கு வழியனுப்பு விருந்து. வட்டிலப்பம் அவித்துக் காத்திருந்தார்கள். வழக்கம்போல எழுந்து போய்விட்டேன்.

ராட்டர்டாம் வந்த சில நாளில் 'வீடு' என்ற குறி தானாகவே இங்கே இடம் மாறிவிட்டது. "பணியிடத்தையும் மாற்றவா?" என்று கைபேசி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். மனம் வரவில்லை. உம்மா வீட்டில் ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டும், அவள் பாத்திரம் உருட்டும் சத்தத்தில் கண் விழிக்க வேண்டும் என்று தலை நரைத்த பிறகு ஏங்குகிறேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

போன வாரம் போனில் உம்மாவே ஆரம்பித்தாள்.

"இன்னும் நம்ம வீடு ஒனக்கு வேலை எடந்தானாலே?"

"ஆமா உம்மா. மாத்தல."

வெற்றிலை மெல்லும் ஓசை கேட்டது.

"அப்போ நீ இப்ப லீவுலதான் இருக்கே. ரொம்ப நாளு லீவு போடாதலே. சட்டுனு வந்து சேரு."