காலண்டருக்கு ஒரு பாலைவனம்

விடியுமுன் எண்ணூர் மணல்மேட்டடியில் இருப்பவர்கள் மூன்றே பேர்: நான், என்னை ஓடத்தில் கொண்டுவந்த கன்னியப்பன், வெறும் மீன்கூடையோடு வந்து வழிமறிக்கும் அஞ்சலை. ராயபுரத்தில் காலண்டர் அச்சடிக்கும் முதலாளி பாலைவனப் படம் கேட்கிறார். ராஜஸ்தானம் போக எனக்கு வழியில்லை, அதனால் இந்த மணல். காலடித் தடம் ஒன்றுகூட விழக் கூடாதாம். பிலிமில் மிச்சம் ஒரே படம். வெயில் ஏறிவிட்டால் மணல்வரிகளில் நிழல் நிற்காது. அந்தப் பயத்தில் இருட்டிலேயே உச்சிவரை ஏறி, இடம் பார்த்து இறங்கியிருக்கிறேன்.

"இன்னா நைனா, பொம்பளைங்க ஒதுங்குற நேரத்துல போட்டோ பொட்டியோட வந்துகீற?" என்கிறாள் அஞ்சலை.

தடம் விழாத மணலைப் படம் எடுக்கத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்கிறேன்.

"மணலு எங்கியும் ஓடாது. அந்தாண்ட திரும்பி குந்து."

கேமராவை வாங்கிக் கூடையில் வைத்துக்கொள்கிறாள். கழிமுகத்தைப் பார்த்து உட்கார்கிறேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?" என்று கன்னியப்பனைக் கேட்கிறேன்.

"நீ கேக்கவேயில்லியே, மாமு" என்று பீடியை இழுக்கிறான்.

முதுகுக்குப் பின்னால் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கடந்து போகின்றன. ஒவ்வொரு குரலுக்கும் எத்தனை தடம் விழுந்திருக்கும் என்று மனது கணக்குப் போடுகிறது. தண்ணீர் சிவக்கிறது.

கடைசியில் அஞ்சலை கேமராவை நீட்டுகிறாள். "எயுந்துரு. உம் மேட்ட ஒருத்தியும் மிதிக்கல. அல்லாரையும் சுத்திகினு போவ சொன்னேன்."

திரும்புகிறேன். நிழல் இன்னும் இருக்கிறது. மேட்டின் நடுவே அடியிலிருந்து உச்சிவரை ஒரு தடம் ஏறி இறங்கியிருக்கிறது.

அவளை முறைக்கிறேன். அவள் என் காலைப் பார்க்கிறாள்.

"இங்க செருப்பு போட்டவன் நீ ஒருத்தன்தான் நைனா."