சேகரின் முறை

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மணலில் செருப்பு புதைகிறது. பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, காலெல்லாம் சாம்பல். மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் சேகர் பிறந்த ஊர் இது. லீவில் கிளம்பிய என்னிடம், தம்பி முருகனுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறான்: "நான் இன்மே எங்க வரப்போறேன்? முறைலேர்ந்து என் பேர எட்த்துடச் சொல்லு." குப்பத்து டெலிபோன் பூத்துக்கு போன் போட்டுச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

முறை என்பது ஆற்றில் இன்று யார் வலை கட்டலாம் என்பது. கரையில் கூடி அதைத்தான் இப்போது முடிவுசெய்கிறார்கள். ஒருவர் பெயர்களைக் கூப்பிட, ஆட்கள் குரல் கொடுக்கிறார்கள். குரல் வராத பெயரை விட்டுவிடுவார்களாம்.

"சேகரு!"

"கீறாரு!"

முருகன் போட்ட சத்தத்தில், படுத்திருந்த நாய் எழுந்து போகிறது. யாரும் சிரிக்கவில்லை. வருஷக்கணக்காக இதே பதில்தான் போலிருக்கிறது. முருகனுக்குத் தனி முறை உண்டு. அண்ணன் முறைக்கும் அவனே வலை கட்டி, பெயரைக் காப்பாற்றி வருகிறான். எங்கள் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்தது, இந்த லீவில் வந்து பார்க்கும்வரை எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

முருகன் என் பக்கம் திரும்புகிறான். "அண்ணன் இன்னாமோ சொல்லி அனுப்ச்சாருன்னியேண்ணா, இன்னாது?"

வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களுக்கு இறால் குழம்பு வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒரு இறாவா" என்று தன் தட்டைத் தள்ளிவைக்கும் சேகர் ஞாபகத்துக்கு வருகிறான்.

"காஞ்ச இறா கேட்டான்" என்கிறேன்.